குரோஷேவா, பாபின் லேஸா?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் ஒரே துணிக்குவியலில் இரண்டும் கிடைத்தன. தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் வெள்ளை வலைதான்.

குரோஷேவுக்கு ஒரே நூல், ஒரு கொக்கி ஊசி போதும். கண்ணிக்குள் கண்ணி கோத்துக்கொண்டே போகவேண்டும். முடிச்சிடாத நுனி யார் கையிலாவது சிக்கினால் போச்சு. பெரியம்மா பத்து நாள் பின்னிய மேசைவிரிப்பைப் பேரன் அரை மணியில் உருவிவிட்டான்.

பாபின் லேஸில் கண்ணியே கிடையாது. திண்டில் குத்திய குண்டூசிகளைச் சுற்றி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஜோடி ஜோடியாகக் குறுக்கே போட்டு முறுக்குவார்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் கற்றுக்கொடுத்தது இந்த வகை. என் பொறுமைக்கு இது ஒத்துவராது.

வாங்கும்போது ஏமாறுவதும் பாபினில்தான். ஜான் லீவர்ஸ் 1813இல் உருவாக்கிய இயந்திரத்தின் வழிவந்தவை அச்சு அசலாக நெய்துவிடும். பூவின் அடர்ந்த பகுதியை லென்ஸில் பாருங்கள்: கைவேலையென்றால் துணி நெசவு போலத் தெரியும், இயந்திரமென்றால் வரிவரியாக. போலி குரோஷே சுலபமாக மாட்டிக்கொள்ளும்; சங்கிலிக் கண்ணி இருக்கவேண்டிய இடத்தில் பிசிறடித்த எம்பிராய்டரித் தையல்தான் இருக்கும்.

நான் பின்னுவது குரோஷே, சேர்ப்பது பாபின். அன்று வாங்கிய பாபின் துண்டு ஓரத்தில் கிழிந்திருந்தது, பேரம் பேச அதுவே வசதியாகப் போயிற்று.