வன்னியில மாமியின்ர பிறசர் கிளினிக்

இந்தமுறை ஊருக்குப் போட்டு வந்தாப்பிறகு எல்லாரும் கேக்கிறது ரோட்டு எப்பிடி, கரண்ட் எப்பிடி எண்டுதான். அது பரவாயில்லை, ஏ9 ஆல வந்து கிளிநொச்சியில இறங்கிறது இப்ப சுகம். எனக்குச் சொல்லக் கிடக்கிறது பிறசர் கிளினிக் கதை, ஏனெண்டா எங்கட வீடுகளில அம்பது தாண்டினவையில குளிசை போடாத ஆள் குறைவு.

மாமி மாதம் ஒருக்கா கிளினிக் போறவ. விடிய முதலே ஓட்டோ பிடிச்சு, நம்பர் எடுத்து, கொப்பியை மேசையில வச்சிட்டு வாங்கில குந்தியிருக்கோணும். ஒரு சதம் செலவில்லை, அதை முதல் சொல்லிப்போடோணும், கனடாவில இன்சூரன்ஸ் இல்லாட்டி மருந்துக்காசு எங்களுக்கே கையைக் கடிக்கும். டொக்டர் இளம்பிள்ளை, அவ்வளவு சனத்துக்கையும் முகம் சுளிக்காமக் கதைச்சா. ஆனா பிறசர் பாத்த விதம் இருக்கே, சட்டைக் கைக்கு மேலால பட்டியைச் சுத்தி, மாமி பக்கத்து மனுசிக்கு மருமகளின்ர கதை சொல்லிக்கொண்டிருக்க, மேல் அளவு 168 எண்டு கொப்பியில எழுதியாச்சு. அஞ்சு நிமிசம் பேசாம இருத்தி, வெறுங்கையில, கையை நெஞ்சு மட்டத்துக்கு வச்சுப் பாக்கோணும் எண்டது எல்லா வழிகாட்டியிலயும் இருக்கிற விசயம். வீட்டில நான் கொண்டுபோன மெஷினில அப்பிடிப் பாக்க 150க்குக் கிட்டத்தான் வந்தது.

அதுவும் கூடத்தான். ஏன் எண்டு பாத்தா அலுமாரிக்குள்ள ஒரு பால்மா ரின், அதுக்குள்ள கடதாசிப் பைக்கற்றோட அம்லோடிபின் எண்ட பிறசர் குளிசை குவிஞ்சு கிடக்கு! லொசாட்டன் எண்ட மற்றப் பிறசர் குளிசை போடுறா, மூத்திரக் குளிசை போடுறா, இதை மட்டும் போடுறேல்லை. கால் வீங்குதாம். அம்லோடிபினுக்குக் கால் வீங்கிறது தெரிஞ்ச பக்கவிளைவு, டோஸ் கூடக் கூட வீக்கமும் கூடும். டொக்டரிட்ட சொன்னனீங்களோ எண்டு கேக்க "ஏசுவா பிள்ளை" எண்டுறா. அந்தப் பிள்ளை என்ன செய்யிறது, கொப்பியில 168ஐப் பாத்திட்டு, மாமி போடாத அதே குளிசையைத்தான் அஞ்சு மில்லிகிராமிலயிருந்து பத்தாக் கூட்டி எழுதிவிட்டிருக்கு.

இதுக்குள்ள பகிடி என்னெண்டா, இந்தச் சிக்கலுக்கு உலகத்துக்கு வழி காட்டின ஆராய்ச்சியில ஒண்டு நடந்ததே இலங்கையிலதான். ட்ரையம்ப் எண்டு பேர், 2018 இல ஜாமா எண்ட மருத்துவ சஞ்சிகையில வந்தது. 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில 700 பேர், பாதிப்பேருக்கு ஒரே குளிசைக்குள்ள டெல்மிசாட்டன் 20, அம்லோடிபின் 2.5, குளோதாலிடோன் 12.5 மில்லிகிராம், அதாவது மூண்டும் அரை டோஸ், மற்றவைக்கு வழமையான வைத்தியம். ஆறு மாதத்தில அந்தக் குளிசை போட்டவையில 70 வீதம் பேருக்கு பிறசர் இலக்குக்கு இறங்கீட்டுது, மற்றப் பக்கம் 55 வீதம். பக்கவிளைவால மருந்தை விட்டவை ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மாமியின்ர கையில மட்டும் இன்னும் வேற வேற மூண்டு பைக்கற், அதிலயும் ஒண்டு ஸ்டொக் இல்லை, வெளியில வாங்கச் சொல்லித் துண்டு.

2020 இல வந்த கோப்ரா பிபிஎஸ் எண்ட இன்னொரு ஆராய்ச்சியும் எனக்குப் பிடிச்சது. இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில, ஏற்கனவே அங்க வேலை செய்யிற சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கே போய் பிறசர் பாத்து, சாப்பாடு மருந்து கதைச்சு, கூடினவையை டொக்டரிட்ட அனுப்பினவை. ரெண்டு வருசத்தில பிறசரின்ர மேல் அளவு, அப்பிடிச் செய்யாத மற்றக் கிராமங்களை விட 5 சொச்சம் கூடுதலா இறங்கினது. வீட்டுக்கு ஒராள் வந்திருந்தா அந்த ரின் எப்பவோ பிடிபட்டிருக்கும்.

உப்பைப் பற்றியும் சில பேர் கேட்டினம். சீனாவில 600 கிராமங்களில பொட்டாசியம் கலந்த உப்புக் குடுத்துப் பாத்து பக்கவாதம் 14 வீதம் குறைஞ்சது உண்மை, ஆனா வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் கன பேருக்கு இருக்கு, அவைக்கு அந்த உப்பு ஆபத்து, லொசாட்டன் போடுறவையும் டொக்டரைக் கேக்காம வாங்கவேண்டாம். கருவாட்டைக் குறைக்கிறது அதை விடச் சுகம், மாமி மட்டும் ஒத்துக்கொள்ளேல்லை.

அடுத்த கிளினிக்குக்கு ரின்னோடயே கூட்டிக்கொண்டு போனன். டொக்டர் ஏசேல்லை. அம்லோடிபினை 2.5 ஆக்கி, லொசாட்டனைக் கூட்டி, வீட்டில பாத்த கணக்கைக் கொப்பியில எழுதிக்கொண்டு வரச்சொன்னா. ஊருக்குப் போற ஆக்கள் சொக்கிலேட்டோட ஒரு பிறசர் மெஷினும் கொண்டுபோங்கோ, மணிக்கட்டில கட்டிறது வேண்டாம், மேல்கைக்குச் சுத்திறதா, கை மொத்தத்துக்கு ஏத்த பட்டியாப் பாத்து வாங்குங்கோ.