கவிவனார் எழுத்துருவோடு மூன்று வருடம்

காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பலகாரத்துக்கு லேபிள் வேண்டியிருந்தது. அப்பத்தா கைப்பட எழுதியதுபோல இருக்கட்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் கவிவனார். தாரிக் அசீஸ் வடிவமைத்தது, கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் விற்கிற பொருளில் அச்சிடவும் தடையில்லை.

எழுத்து லேசாகச் சாய்ந்திருக்கும். ‘சீப்புச் சீடை’ என்று பெரிதாகப் போட்டால் சம்புடத்தில் யாரோ இப்போதுதான் எழுதி ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் நாலு வரிக்கு மேல் போனால் குட்டு வெளிப்பட்டுவிடும். மனுஷர் கை ஒரே ‘கு’வை இரண்டு தடவை ஒரே மாதிரி எழுதாதே!

நான் பட்ட அவதி சின்ன அளவில்தான். சேர்மானப் பட்டியலையும் இதிலேயே 6 புள்ளி (பாயின்ட்) அளவில் போட்டேன். ஸ்டிக்கர் பிரிண்டரில் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகத் தெரிந்தன. தடித்த எழுத்தாக்கினால் தெளியும் என்று பார்த்தால், இதில் இருப்பது ஒரே தடிமன். மென்பொருள் தானாகப் பருமனாக்க, இன்னும் அப்பியது. இப்போது பெயர் மட்டும் கவிவனார், மற்றதெல்லாம் முக்த மலர் என்ற வேறொரு எழுத்துரு.

அச்சகத்தில் வேறு கதை. அங்கே இன்னும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருள், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு. இப்போதைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டிய என் கோப்பைத் திறந்ததும் கொம்பும் காலும் திசைக்கொன்றாக ஓடின. அப்புறம் எழுத்தை வளைகோடுகளாக மாற்றி பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்கிறேன்.

சரி, அப்பத்தாவிடம் முதல் லேபிளைக் காட்டியதைச் சொல்லவில்லையே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘கடலை உருண்டை’யை நிதானமாகப் பார்த்தார். “என் எழுத்து மாதிரின்னியே தம்பி, லைக்குத் தும்பிக்கை எங்க?”

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர். ணை, லை, ளை, னை நான்கையும் யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய ஐகாரக் குறியோடுதான் இன்றும் எழுதுகிறார், மளிகைச் சிட்டை உட்பட. யூனிகோடில் பழைய லைக்கும் புது லைக்கும் குறியீடு ஒன்றுதான். எந்த உருவம் என்பது எழுத்துரு செய்பவரின் முடிவு. கவிவனாரில் புதியது.

கடைசியில் அப்பத்தாவையே ஒரு தாளில் எழுதச் சொல்லி ஸ்கேன் செய்தேன். கடலை உருண்டை லேபிளில் மட்டும் அந்த ‘லை’. மற்ற எழுத்தெல்லாம் சாய்ந்திருக்க, அது மட்டும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நேராக நிற்கிறது.