உச்சிப்புளிப் பட்டறையில் ஜிப்சிக்குக் கார்புரேட்டர் இன்ஜின்: எட்டு மாத ஓட்டத்துக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 2007-ஆம் ஆண்டு மாருதி ஜிப்சி. துணிக்கூரையைக் கழற்றிவிட்டுப் பின் இருக்கைகளையும் எடுத்துவிட்டதால், வீட்டில் எல்லோரும் அதைப் பிக்கப் என்றே சொல்கிறார்கள். மண்டபம் தென்கடல் கரையில் எங்கள் குடும்பத்துக்கு இரண்டு நாட்டுப்படகுகள் உண்டு. வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், சில நாட்களில் கழற்றிய படகு இன்ஜின் ஆகியவற்றை மணலில் இறங்கி நீர் ஓரம் வரை கொண்டு சேர்ப்பதுதான் அந்த வண்டியின் வேலை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேறு கைக்கு எட்டும் விலையில் கிடைக்காததால், அதை விட மனமில்லாமல் வைத்திருக்கிறேன். சென்ற ஐப்பசியில் உச்சிப்புளிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் அதன் எம்.பி.எஃப்.ஐ இன்ஜினை, அதாவது கணினிக் கட்டுப்பாட்டில் இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜினை எடுத்துவிட்டு, கணினி இல்லாமல் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் பழைய கார்புரேட்டர் இன்ஜினைப் பொருத்தினேன். இதே எண்ணத்தோடு இருப்பவர்கள் இந்தக் கரையில் வேறு சிலரும் உண்டு என்பதால், அந்தப் பட்டறையின் வேலையைப் பற்றியும் அந்த மாற்றத்தைப் பற்றியும் விரிவாக எழுதுகிறேன்.

கோளாறு இரண்டு ஆண்டுகளாகவே இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். முதலில் போன இடத்தில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து ஒரு சென்சாரை மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் முதலில் மாற்றிய அதே சென்சாரை மறுபடி மாற்றினார்கள். மூன்று இடங்களிலும் சேர்த்துச் செலவழித்த பணத்தில் பாதிக் கிணறு வெட்டியிருக்கலாம். இதற்கிடையில் இன்ஜினும் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வந்தது.

கார்புரேட்டர் இன்ஜினுக்கு மாற்றித் தரச் சொல்லித்தான் உச்சிப்புளிக்குப் போனேன். அந்தப் பட்டறைக்காரர் முதல் நாளில் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பேட்டரியின் எர்த் கம்பி பாடியில் சேரும் இடத்தைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். பிறகு இன்ஜின் பக்கத்து ஒயரிங் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என்னிடம் காட்டினார். செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. இரண்டு கம்பிகள் உறைக்குள்ளேயே கருத்துப் பொடியாகிக் கிடந்தன. "சார், நோய் இன்ஜின்ல இல்ல, ஒயர்ல இருக்கு. புது ஒயரிங் கெடைச்சா இதே இன்ஜின வச்சே ஓட்டலாம். நீங்க சொல்ற மாத்தம் கடைசி வழி" என்றார். வந்த வேலையைக் கையில் வாங்கிக்கொள்ளாமல் வேண்டாம் என்று சொன்ன ஒரே பட்டறை அதுதான். உலோகத்தை உப்புக்காற்று எவ்வளவு அரிக்கிறது என்று சோதிக்கக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில்தான் தன் நிலையத்தை வைத்திருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எங்கள் வண்டியின் ஒயரிங் பதினேழு ஆண்டுகள் தாங்கியதே பெரிது.

ஒரு வாரம் ஒயரிங்கைத் தேடினேன். ஜிப்சி உற்பத்தி நின்றுபோய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டதால் நல்ல நிலையில் முழு ஒயரிங் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றும் எங்களுடையதைவிட மோசமாக இருந்தது. இன்ஜினையும் எப்படியும் பிரித்துச் சிலிண்டர்களைக் கடைந்து போரிங் செய்தாக வேண்டும் என்ற நிலையில்தான், இரண்டு செலவையும் ஒன்றாக்கி மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டேன். இந்த இரண்டாவது காரணம் இல்லாதிருந்தால் நான் இதைச் செய்திருக்க மாட்டேன்.

வந்த இன்ஜின் ஜி13பிஏ, அதாவது ஜிப்சி கிங்கில் முதலில் வந்த எட்டு வால்வு கார்புரேட்டர் இன்ஜின். என் வண்டியில் இருந்தது ஜி13பிபி, பதினாறு வால்வு. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டும் 1298 சிசி. கியர்பாக்ஸோடு சேரும் இடத்தில் புதிதாக எதுவும் வெட்டவோ ஒட்டவோ தேவைப்படவில்லை. பழைய இன்ஜினிலேயே கார்புரேட்டரை மட்டும் உட்கார வைத்தால் என்ன என்று கேட்டேன். ஹெட்டும் இன்டேக் மேனிஃபோல்டும் வேறு வேறு என்பதால், அந்த ஒட்டுவேலை முழு இன்ஜினை மாற்றுவதைவிடத் தொல்லையானது என்று விளக்கினார். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து வந்த இன்ஜினை அப்படியே மாட்டிவிடாமல், என் கண் முன்னால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்து, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள் ஆகியவற்றைப் புதிதாகப் போட்ட பிறகே இறக்கினார்.

இந்த வேலையில் பலர் கோட்டைவிடும் இடம் பெட்ரோல் பம்ப். எம்.பி.எஃப்.ஐ இன்ஜினுக்கு டேங்கில் இருக்கும் மின்பம்ப் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று கிலோ அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும். கார்புரேட்டருக்குக் கால் கிலோ அளவு போதும். பழைய பம்பை அப்படியே விட்டால், கிண்ணம் நிரம்பியதும் மிதவை மூடும் ஊசியால் அந்த அழுத்தத்தைத் தடுக்க முடியாது. கார்புரேட்டர் நிரம்பி வழிந்து சூடான மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் கொட்டும். வண்டி பற்றி எரிய வேறொன்றும் வேண்டாம். இவர் மின்பம்பை எடுத்துவிட்டு, இன்ஜினின் கேம் ஷாஃப்ட் அசைவில் இயங்கும் மெக்கானிக்கல் பம்பை வைத்தார். மிஞ்சும் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் குழாயையும் மூடாமல் விட்டார். சித்திரை வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்வதை அந்தத் திரும்பு குழாய் பெருமளவு குறைக்கிறது.

ஆனால் இதே இடத்தில்தான் பட்டறையின் ஒரே தவறும் நேர்ந்தது. டேங்குக்குள் இருந்த பழைய ரப்பர் குழாயை அவர்கள் மாற்றவில்லை. மின்பம்ப் இருந்தபோது பெட்ரோல் தள்ளப்பட்டது, இப்போது உறிஞ்சப்படுகிறது. தள்ளும்போது ஒரு சொட்டுக் கசிவாக மட்டும் இருந்திருக்கக்கூடிய வெடிப்பு, உறிஞ்சும்போது காற்றை இழுக்கும். டேங்க் கால் அளவுக்குக் கீழே போனதும் வண்டி திணறத் தொடங்கியது. மூன்றாவது வாரத்தில் பாம்பன் பாலத்தின் நடுவில், ஐஸ் பெட்டியோடு, பின்னால் பேருந்துகள் வரிசையாக ஒலி எழுப்ப நின்றதை எளிதில் மறக்க முடியாது. திரும்பக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர் தன் தவறு என்று ஒப்புக்கொண்டு, டேங்கை இறக்கிக் குழாயை மாற்றிக் கொடுத்தார். குழாயின் விலையை மட்டும் வாங்கினார், கூலி வாங்கவில்லை.

தீப்பொறி நேரத்தை முன்பு கணினி பார்த்துக்கொண்டது. இப்போது டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் எடைகளும் வாக்குவம் குழாயும் பார்த்துக்கொள்கின்றன. அதை டைமிங் லைட் வைத்து முறையாகப் பார்த்தார்கள், காதால் கேட்டு அல்ல.

கார்புரேட்டர் பற்றிச் சற்று அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த இன்ஜின் செய்யப்பட்ட காலத்தில் பம்பில் கிடைத்த பெட்ரோல் வேறு. இன்று கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆக, பழைய ஜெட்டின் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) வழியே இன்றைய எரிபொருள் போனால், காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் கலவை மெலிந்துவிடும். இன்ஜின் சூடாகும், மிதிக்கும்போது ஒரு கணம் தயங்கும். எம்.பி.எஃப்.ஐ வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டி, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து, ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து மறுபடி பார்த்தார். எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும் என்பதால் ஊசி, டயஃப்ரம், ஓ-ரிங் அனைத்தையும் புதிதாகப் போட்டார். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வண்டியைப் பல நாட்கள் நிறுத்துவதானால், பெட்ரோல் வரும் வழியின் இடையில் வைத்த திருகு குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைக்கச் சொன்னார். அதைக் கடைப்பிடிக்காத ஒரு முறை, கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்து, மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் தரும் ஐடில் ஜெட் அடைத்துக்கொண்டது. என் தம்பி மகன் கரையிலேயே ஒரு ஸ்க்ரூடிரைவரையும் காற்றடிக்கும் பம்பையும் வைத்து அரை மணி நேரத்தில் சரிசெய்தான். நான் இந்த மாற்றத்தை விரும்பியது இதற்காகத்தான்.

இழந்தவையும் உண்டு. எம்.பி.எஃப்.ஐ இன்ஜினின் திறன் 80 குதிரைத்திறன், இது 60. உச்சிப்புளியிலிருந்து இராமநாதபுரம் வரை நெடுஞ்சாலையில் லாரியை முந்த முன்பைவிட அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது. மணலில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரியவில்லை. லோ கியரில் பழைய இன்ஜின் பொறுமையாகவே இழுக்கிறது. சரிவான மணல்மேட்டில் வண்டி சாய்ந்து நின்றால் மட்டும் மிதவை ஒரு பக்கம் ஒதுங்கி ஐடில் குலைகிறது. லிட்டருக்குப் பதினொன்று கொடுத்த வண்டி இப்போது ஒன்பதுக்குச் சற்று மேல் கொடுக்கிறது. மொத்தச் செலவு எழுபதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் பாதிக்கு மேல் இன்ஜினின் விலை.

புகைச் சான்று இந்தக் கணக்கில் மிகக் கடினமான பகுதி. சோதனையில் பார்ப்பது வண்டி எந்த மாசு விதியின் கீழ் வந்தது என்பதைத்தான், உள்ளே எந்த இன்ஜின் இருக்கிறது என்பதை அல்ல. பாரத் நிலை 2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காடு வரை அனுமதி உண்டு. அந்த நிலையிலும் அதற்குப் பின்னும் வந்தவற்றுக்கு 0.5 விழுக்காடு, ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம்; பாரத் நிலை 4-க்கு வரம்பு இன்னும் இறுக்கமானது. என் வண்டி 0.5-க்குள் வந்தாக வேண்டும். முதல் அளவீட்டில் 2.1 வந்தது. ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி 0.45-க்குக் கொண்டுவர ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. அந்த நிலையில் குளிர்ந்த இன்ஜின் சற்று நடுங்குகிறது. பாரத் நிலை 4 வண்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது.

காகித வேலையில் பட்டறை எந்த உதவியும் செய்யாது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பது என் குறை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற முன் அனுமதி வேண்டும். இன்ஜின் எண்ணும் சான்றில் மாற வேண்டும். வாங்கிய இன்ஜினின் ரசீது, அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் ஆகியவை இல்லாமல் போக வேண்டாம். பழைய விதியின் கீழ் வந்த இன்ஜினை ஏற்க எல்லா இடங்களிலும் இசைவார்கள் என்று எண்ணிப் பணத்தை முன்கூட்டியே கொட்டவும் வேண்டாம். சான்றில் ஏறாத இன்ஜினோடு விபத்து நேர்ந்தால், காப்பீட்டுக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

கழற்றிய கணினிப் பெட்டி, ஒயரிங், இன்ஜெக்டர்கள், பழைய பம்ப் அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்காமலே கொடுத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் போக வேண்டாம். விசைப்படகுகள் கரையேறி நிற்கும் அந்த இரண்டு மாதங்களில் பட்டறை முழுவதும் படகு இன்ஜின்களாகக் கிடக்கும்; உங்கள் வண்டி வேப்பமரத்தடியில் காத்திருக்கும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை கிடையாது. மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்கு முன் போனால் பட்டறைக்காரரே வண்டியைப் பார்ப்பார். அதற்குப் பிறகு போனால் பையன்கள்தான் பார்ப்பார்கள்.