கென்னடி மெடோஸுக்கு அப்பால்: ஏறுவதா, காத்திருப்பதா, தாண்டிப் போவதா?

மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் நீளும் பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்னும் அமெரிக்க நடைபாதையில், முதல் 1,130 கிலோமீட்டர் பெரும்பாலும் வறண்ட நிலம். நான்கைந்து லிட்டர் தண்ணீரைச் சுமந்து அதைக் கடந்தவர்கள் கென்னடி மெடோஸ் கடையை எட்டும்போது, அங்கே அமர்ந்திருப்பவர்கள் கைதட்டி வரவேற்பது வழக்கம். அடுத்து எதிரே நிற்பது பனி மூடிய சியெரா நெவாடா மலைத்தொடர்.

நேரே ஏறுபவர்கள் வழக்கமான ஆண்டுகளில் ஜூன் நடுவில் புறப்படுகிறார்கள். பாதையின் மிக உயரமான இடமான ஃபாரெஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே செங்குத்தான பனிச்சரிவு ஒன்றைக் குறுக்காகக் கடக்க வேண்டும். இரவில் இறுகிய பனி விடியற்காலையில் காலைத் தாங்கும். நண்பகலானால் அடிக்கு அடி கால் தொடைவரை புதையும். எனவே நாளொன்றுக்கு நடக்கும் தொலைவு குறைய, அதே தூரத்துக்குக் கூடுதல் நாள்களின் உணவு தேவைப்படுகிறது. அந்த உணவை அடைக்கும் கரடிக்காப்புக் குடுவையே ஒரு கிலோவுக்கு மேல் எடை. பனிக்கோடரியான ஐஸ் ஆக்ஸும், காலணியில் மாட்டும் முள்பட்டையான மைக்ரோஸ்பைக்கும் தனி. பாலையில் இறக்கிவைத்த தண்ணீர்ச் சுமை வேறு வடிவில் திரும்பிவிடுகிறது.

இரண்டு வாரம் காத்திருந்தால் பனி குறையும் என்பது பலரின் கணக்கு. குறைந்த பனி எங்கே போகிறது என்பதை அக்கணக்கு மறந்துவிடுகிறது. அது பாதையில் இறங்கிக் கடக்க வேண்டிய பேர் க்ரீக்கிலும் எவல்யூஷன் க்ரீக்கிலும் கெரிக் பள்ளத்தாக்கின் ஓடையிலும்தான் பாய்கிறது. ஓடைகள் அதிகாலையில் தாழ்ந்தும் மாலையில் பெருகியும் ஓடுவதால், கணவாய்க்கும் ஓடைக்கும் ஒரே காலை நேரம் தேவைப்படும் சிக்கலும் சேர்கிறது. என் கணிப்பில், அதிகப் பனி பெய்த ஆண்டில் இந்தக் குறுகிய காத்திருப்பே மூன்றிலும் மோசமானது. ஜூலை இறுதிவரை காத்திருப்பதும் எளிதன்று: வடகோடியிலுள்ள வாஷிங்டன் மாநில மலைகளில் பனி விழுமுன் முடிக்க, மீதியுள்ள 3,130 கிலோமீட்டரை நாளுக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வீதம் நடக்க வேண்டும்.

சியெராவைத் தாண்டி வடக்கே சென்று பின்னர் திரும்புவது மூன்றாவது வழி. இதில் தொடர்ச்சி அறுகிறது, கூட நடந்தவர்கள் பிரிகிறார்கள், பயணச் செலவு கூடுகிறது. ஜூன் மாதத்தில் வடக்கு கலிஃபோர்னியாவின் உயரங்களிலும் ஆரெகனிலும் பனி கிடக்கும் என்பதால், தாண்டியவுடன் தப்பித்ததாகவும் கொள்ள முடியாது. கோடை முற்றினால் காட்டுத்தீ. 2021ஆம் ஆண்டின் டிக்ஸி தீ ஏறத்தாழ 3,90,000 ஹெக்டேரை எரித்தபோது இப்பாதையின் ஒரு பகுதியும் அதில் சிக்கியது.

ஆயினும் 2023 போன்ற பெரும்பனி ஆண்டில், பனிநடைப் பழக்கம் இல்லாதவருக்கு நான் இந்த மூன்றாவது வழியையே பரிந்துரைப்பேன். சாதாரண ஆண்டில் துணையோடு நேரே ஏறுவது சரி. செப்டம்பர் தொடக்கத்தில் திரும்புபவருக்குக் கணவாய்கள் காய்ந்திருக்கும், ஓடைகள் கணுக்காலளவில் ஓடும், கொசுத்தொல்லையும் அடங்கியிருக்கும். அம்மாத இறுதிக்குள், சியெராவின் உயர்பகுதி முடியும் சொனோரா கணவாயைக் கடந்துவிடுவது நல்லது. அக்டோபர் பிறந்தால் எந்த வாரமும் புதுப்பனி விழக்கூடும்.