12 ஜிபி ரேம் என்று செட்டிங்ஸே பொய் சொல்லும்: சின்ன கேமிங் டேப்லெட் தேடுகிறவர்கள் கவனத்துக்கு

எட்டு அங்குல கேமிங் டேப்லெட் ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறீர்களா? பிராண்டு பெயர் கேள்விப்படாததாகவும், விளம்பரத்தில் மீடியாடெக்கின் ஹீலியோ ஜி99 சிப், 12 ஜிபி ரேம், 512 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 14 என்றும் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் வாங்கியது அப்படி ஒன்றுதான். வந்து சேர்ந்தது ஆண்ட்ராய்டு 8.1 ஓடுகிற பழைய டப்பா. மட்டமான சரக்கை அனுப்பி ஏமாற்றுவது புதிதல்ல. இவர்கள் டேப்லெட்டின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ளேயே பொய்யை எழுதி அனுப்புகிறார்கள். நான் புகார் கொடுத்தபோது அந்தப் பொய்யையே எனக்கு எதிரான ஆதாரமாகவும் நீட்டினார்கள்.

இந்த வியாபாரம் ஏன் சின்ன டேப்லெட்டில் இவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று எங்களைப் போன்ற ஆர்வலர்களுக்குத் தெரியும். 2012இல் கூகுளின் ஏழு அங்குல நெக்ஸஸ் 7 வந்தது, அதே வருடம் முதல் ஐபேட் மினியும் வந்தது. 2014இல் என்விடியா, கேம் விளையாடுகிறவர்களுக்காகவே எட்டு அங்குல ஷீல்டு டேப்லெட்டை இறக்கியது. அது ஒரு நல்ல காலம். அப்புறம் போன்களே ஆறரை அங்குலத்துக்கு வளர்ந்துவிட்டன. ஆண்ட்ராய்டில் சின்ன டேப்லெட் என்றாலே குழந்தைகளுக்குக் கார்ட்டூன் காட்டும் மலிவுச் சாமான் என்றாகிவிட்டது. வேகமான சிப் வேண்டுமென்றால் பதினோரு அங்குலத்துக்குப் போக வேண்டும். அதைப் படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்து விளையாடிப் பாருங்கள், மணிக்கட்டு சொல்லும் கதையை.

2022இல் ஸ்டீம் டெக் என்ற, கையில் பிடித்து விளையாடும் கருவி வந்த பிறகு கையடக்கக் கேமிங் மீது மறுபடி ஆசை பற்றிக்கொண்டது. அதே வருடம் லெனோவோ, லீஜன் ஒய்700 என்று 8.8 அங்குலத்தில் ஒன்றைக் கொண்டுவந்தது. 2560க்கு 1600 திரை, 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 முறை படம் மாறும்), ஸ்னாப்டிராகன் 870 சிப். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தோம். ஆனால் அதை முதலில் சீனாவில் மட்டும்தான் விற்றார்கள். 2024இல் வந்த ஐபேட் மினியில் ஏ17 ப்ரோ சிப் இருக்கிறது, திரையோ இன்னும் 60 ஹெர்ட்ஸ்தான். இப்படி ஆசைப்படுகிறவர்கள் ஊரெல்லாம் இருக்க, விற்கிற உருப்படியான மாதிரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த இடைவெளியில்தான் இவர்கள் கடை விரிக்கிறார்கள்.

என்னிடம் விற்றவர் கெட்டிக்காரர். பொய்யைக்கூட அளவாகச் சொன்னார். விலை உயர்ந்த ஸ்னாப்டிராகன் 8 வரிசைச் சிப் ஒன்றைப் போட்டிருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஹீலியோ ஜி99 நடுத்தரமான சிப். ஆறு நானோமீட்டர், வேகமான ஏ76 கோர் இரண்டு, சிக்கனமான ஏ55 கோர் ஆறு. பெயர் தெரியாத பல நிறுவனங்கள் உண்மையாகவே அதை வைத்து நல்ல சின்ன டேப்லெட்டுகளை விற்கின்றன. விவரப் பட்டியலில் கோர் எண்ணிக்கை, திரை 1920க்கு 1200 என்று எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன. இரண்டு பக்கமும் கன்ட்ரோலர் மாட்டிக் கார் பந்தயம் ஓடுகிற வீடியோவும் இருந்தது. கீழே ஐந்து நட்சத்திர விமர்சனங்கள். அவற்றில் பாதி பேர் பெட்டியைத்தான் பாராட்டியிருந்தார்கள் என்பது வேறு கதை.

பெட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. கனமான அட்டை, காந்த மூடி, இலவச உறை, திரைக்கு ஒட்டும் கண்ணாடி. டேப்லெட்டை ஆன் செய்து செட்டிங்ஸில் பார்த்தேன். ஆண்ட்ராய்டு 14, 12 ஜிபி, 512 ஜிபி. சொன்னது சொன்னபடி. சாதன விவரம் காட்டும் ஒரு ஆப்பைக்கூட அவர்களே போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதுவும் ஜி99 என்றே காட்டியது. இவ்வளவு அக்கறையாக யார் கொடுப்பார்கள்?

முதல் கேமை இறக்கப் போனபோது பிளே ஸ்டோர் மறுத்துவிட்டது. உங்கள் சாதனத்துக்கு இது பொருந்தாது என்றது. அடுத்த கேமுக்கும் அதே பதில். 12 ஜிபி ரேம் உள்ள சாதனத்துக்கு எந்தக் கேம் பொருந்தாமல் போகும்? காரணம் பிறகு பிடிபட்டது. பெரிய கேம்கள் பலவும் 64 பிட் சிஸ்டத்துக்கு மட்டுமே வருகின்றன. ரேம் குறைவாக உள்ள மலிவு டேப்லெட்டுகளில் 32 பிட் ஆண்ட்ராய்டைப் போட்டு ஒப்பேற்றுவது வழக்கம். என்னிடம் வந்தது அந்த ரகம்.

ஆண்ட்ராய்டில் ஒரு பழைய விளையாட்டு உண்டு. செட்டிங்ஸில் ஆண்ட்ராய்டு பதிப்பு எண் இருக்கும் இடத்தை விரலால் தொடர்ந்து தட்டினால் ஒரு ரகசியப் படம் வரும். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒவ்வொரு படம். 14 ஆக இருந்தால் விண்வெளி வரவேண்டும். அழுத்திப் பிடித்தால் விண்கலம் ஓட்டலாம். நான் தட்டினேன். வந்தது ஓரியோ பிஸ்கட். அதை அழுத்திப் பிடித்ததும் ஒரு கறுப்பு ஆக்டோபஸ் திரையில் மிதந்து வந்தது. விரலால் இழுத்தால் எட்டுக் கையையும் ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. ஓரியோ என்ற பெயரில் 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8இன் ஆக்டோபஸ். மேலே ஆண்ட்ராய்டு 14 என்று எழுதிய பக்கத்தைத் தட்டினால் உள்ளே 2017 நீந்துகிறது. சிஸ்டத்தின் அடிப்பகுதியான கெர்னலின் பதிப்பையும் பார்த்தேன், 4.4. ஆண்ட்ராய்டு 14உடனேயே வரும் டேப்லெட்டில் அது பெரும்பாலும் 5 அல்லது 6இல் தொடங்கும்.

எப்படிச் செய்கிறார்கள் என்றால், செட்டிங்ஸில் நாம் பார்க்கும் மாடல் பெயர், பதிப்பு எண், ரேம் அளவு எல்லாம் சிஸ்டம் எடுத்துக் காட்டும் தகவல்தான். சிஸ்டத்தைத் தயாரித்து ஏற்றுகிறவர் நினைத்தால் அங்கே எதையும் எழுதலாம். சாதன விவரம் காட்டும் ஆப்கள் பெரும்பாலும் அதே சிஸ்டத்திடம்தான் கேட்கின்றன. பொய் சொல்பவரிடமே போய் நீ சொல்வது உண்மையா என்று கேட்கிற கதை. ஆக்டோபஸ் தப்பித்தது, அதை மாற்ற யாரும் மெனக்கெடாததால்தான். இதைப் படித்துவிட்டு நாளை அதையும் மாற்றிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் எழுத்தை நம்பாமல் டேப்லெட்டை வேலை வாங்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட எளிது ஸ்கிரீன்ஷாட். ஒன்று எடுத்து, கணினிக்கு அனுப்பி, அந்தப் படத்தின் அளவைப் பாருங்கள். எனக்கு 1280க்கு 800 வந்தது. விளம்பரத்தில் 1920க்கு 1200. ஸ்டோரேஜுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கணினியில் இருந்து பெரிய வீடியோக்களாக ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் டேப்லெட்டில் திறந்து பாருங்கள். என்னுடையதில் இருபது ஜிபியைத் தாண்டியதும் கோப்பு ஏறுவதுபோலக் காட்டியது, பெயரும் அளவும் பட்டியலில் இருந்தன, திறந்தால் ஒன்றுமில்லை. முதலில் ஏற்றிய வீடியோக்களும் ஒவ்வொன்றாகப் பாழாக ஆரம்பித்தன. போலி மெமரி கார்டுகளில் காலங்காலமாக நடக்கும் அதே வித்தை. 512 என்று நம்பிக் குடும்பப் புகைப்படங்களை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடை இன்னொரு சாட்சி. 10,000 எம்ஏஎச் பேட்டரி என்று போட்டிருந்தார்கள். 2021 ஐபேட் மினியின் மொத்த எடை 300 கிராமுக்குக் கொஞ்சம் கீழே, அதன் பேட்டரி சுமார் 5,100 எம்ஏஎச். முதல் ஒய்700இல் 6,550 எம்ஏஎச், எடை 375 கிராம். அதே எடைக்குள் 10,000 என்றால் திரையையும் சட்டத்தையும் எதில் செய்தார்கள்?

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிஸ்டத்தையே திருத்தி அனுப்புகிறவர் அதோடு நிறுத்திக்கொண்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மலிவு ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளிலும் டேப்லெட்டுகளிலும் தொழிற்சாலையில் இருந்தே தீய நிரல் ஏற்றப்பட்டு வந்ததை 2023இல் ‘பேட்பாக்ஸ்’ என்ற பெயரில் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் அடுத்த வடிவம் பற்றி 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ பொது எச்சரிக்கையே விட்டது. ஆகவே வந்த பொருளைச் சோதித்து முடிக்கும்வரை வங்கி ஆப், முக்கியமான மெயில் எதையும் அதில் திறக்காதீர்கள். சோதனைக்கென்று ஒரு புதுக் கணக்கு போதும். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் அபவுட் பகுதிக்குப் போனால் கூகுளின் பிளே ப்ரொடெக்ட் சான்று அந்தச் சாதனத்துக்கு உண்டா என்று காட்டும். என்னுடையதில் இல்லை. சான்று இருப்பதாலேயே நல்ல பொருள் என்று ஆகிவிடாது. இல்லாவிட்டால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். விற்றவரின் முதல் பதில் தேனாக இருந்தது. “அன்பு நண்பரே, ஃபேக்டரி ரீசெட் செய்து பாருங்கள்.” செய்தேன் என்றதும், “அப்டேட் வருகிறது, சில நாள் பொறுங்கள்” என்றார். இதெல்லாம் திருப்பி அனுப்பும் கெடு தாண்டும்வரை இழுத்தடிக்கும் வேலை. நான் வாங்கிய விற்பனைத் தளத்தில் முறைப்படி புகார் பதிந்ததும் குரல் மாறியது. கொடுத்த பணத்தில் ஒரு சிறு பங்கைத் தருகிறேன், டேப்லெட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் புகாரை மூடுங்கள் என்றார். தயவுசெய்து மூடாதீர்கள். பல தளங்களில் மூடிய புகாரை மறுபடி திறக்க முடியாது. அப்புறம் அவர் யாரோ, நீங்கள் யாரோ.

தளத்தின் தரப்பில் இருந்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. செட்டிங்ஸில் சாதன விவரம் தெரியும் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட். அனுப்பினேன், அது பொய் என்று விளக்கமும் எழுதினேன். விற்றவர் அந்தப் படத்தையே எடுத்துப் போட்டு, “வாங்கியவர் அனுப்பிய படத்திலேயே 12 ஜிபி, 512 ஜிபி என்று இருக்கிறது, நாங்கள் சொன்னதைத்தான் அனுப்பினோம்” என்றார். தீர்ப்பு அவர் பக்கம் போனது. எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

மேல்முறையீட்டில் வீடியோ அனுப்பினேன். ஒரே டேக், வெட்டு ஒட்டு கிடையாது. பார்சல் மேல் இருந்த ஆர்டர் எண்ணில் தொடங்கி, டேப்லெட்டின் பின்பக்க எண், ஆண்ட்ராய்டு 14 என்று காட்டும் பக்கம், அதைத் தட்டினால் வரும் ஆக்டோபஸ், திறக்காத வீடியோ கோப்புகள், கடைசியாக ஸ்கிரீன்ஷாட்டின் அளவும் விளம்பரத்தில் போட்ட அளவும் பக்கத்தில் பக்கத்தில். ஆக்டோபஸைப் பற்றிப் பதிலில் யாரும் மூச்சுவிடவில்லை. 1280க்கும் 1920க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பார்ப்பவருக்குத் தொழில்நுட்பம் தெரிய வேண்டிய அவசியமில்லாத ஆதாரம் அது. நீங்கள் புகார் கொடுத்தால் அதில் இருந்தே தொடங்குங்கள். ரீஃபண்ட் வந்தது. திருப்பி அனுப்பிய செலவு என் தலையில்.

அனுப்புவதற்கு முன் கணக்கில் இருந்து வெளியேறி, கூகுள் கணக்கின் சாதனப் பட்டியலில் இருந்தும் அதை நீக்கி, கடவுச்சொல்லை வேறொரு சாதனத்தில் மாற்றுங்கள்.

இறக்குமதி பற்றியும் ஒரு வார்த்தை. இது போலியில் சேராது, இருந்தாலும் வயிற்றெரிச்சல். சீனாவுக்கென்று வந்த உண்மையான கேமிங் டேப்லெட்டையே வாங்கி, இடையில் இருக்கும் விற்பனையாளர் பெட்டியைப் பிரித்து, சீனச் சிஸ்டத்துக்குப் பதில் ‘குளோபல் ரோம்’ என்று வெளிநாட்டுக்கான சிஸ்டத்தை ஏற்றி அனுப்புவார். அதன் பிறகு அப்டேட் வராமல் போகலாம், வந்தால் டேப்லெட் எழுந்திருக்காமலும் போகலாம். வங்கி ஆப் மறுக்கலாம். படங்களைத் திருட்டில் இருந்து காக்கும் வைடுவைன் பாதுகாப்பு எல்1 நிலையில் இருந்து எல்3க்கு இறங்கிவிட்டால், படம் பார்க்கும் ஆப்களில் அவ்வளவு நல்ல திரையிலும் மங்கல் தரம்தான். நிறுவனத்தின் சொந்த ரோமோடு, சீல் பிரிக்காமல் தருவீர்களா என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

எனக்கு விற்றவரின் கடைப் பக்கம் இப்போது காணவில்லை. அதே கன்ட்ரோலர், அதே கார் பந்தய வீடியோ, வேறு பெயரில் வந்துவிட்டது. இந்த முறை ரேம் 16 ஜிபி, ஸ்டோரேஜ் 1 டிபி. ஆசை கூடிப்போய், ஹீலியோ ஜி99ஐப் பத்து கோர் என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சிப்பில் இருப்பது எட்டு. மீடியாடெக்கின் பத்து கோர் சிப்கள் 2016, 2017 வாக்கில் வந்த ஹீலியோ எக்ஸ் வரிசை. ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டவர்கள், பார்சல் வந்ததும் பிரிப்பதில் இருந்தே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு எந்தத் தேதி என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.