6,50,000 பவுண்டுக்கு என்ன கிடைத்தது? ஹென்ரிக் லார்சன் என்ற ஃபார்வர்ட்: ஒரு மதிப்பீடு

வாங்கியது ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவின் செல்டிக் கிளப். விற்றது நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் ஃபெயனூர்ட். ஆண்டு 1997, விலை 6,50,000 பவுண்டு. ஏழு சீசன் கழித்து லார்சன் கிளம்பும்போது செல்டிக் கணக்கில் இருந்தவை 242 கோல்கள், 4 லீக் பட்டங்கள். கால்பந்துச் சந்தையில் இவ்வளவு மலிவாக இவ்வளவு நல்ல சரக்கு வாங்கிய கிளப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆனால் அதே ஆளை நான்கு வருடம் கையில் வைத்திருந்த ஃபெயனூர்டுக்கு ஏன் இது கிடைக்கவில்லை? இந்த மதிப்பீட்டில் முக்கியமான கேள்வி இதுதான்.

முதலில் பின்னணி. 1971-இல் ஸ்வீடனின் ஹெல்சிங்போரி நகரில் பிறந்தவர். அப்பா கேப் வெர்டே தீவுகளைச் சேர்ந்தவர், அம்மா ஸ்வீடன்காரர். ஹோகபோரி என்ற உள்ளூர் கிளப்பில் தொடங்கி, 1992-இல் ஹெல்சிங்போரி அணிக்கு வந்தார். அந்த ஒரே சீசனில் 34 கோல் அடித்து, 24 வருடமாக முதல் டிவிஷனைப் பார்க்காத அணியை மேலே ஏற்றிவிட்டார். 1993-இல் ஃபெயனூர்ட் வாங்கியது.

ஃபெயனூர்டில் அவர் லீக்கில் அடித்தது 101 ஆட்டத்தில் 26 கோல். செல்டிக்கில் 221 லீக் ஆட்டத்தில் 174. ஆள் அதேதான், பயன்படுத்திய விதம்தான் வேறு. ரோட்டர்டாமில் அவரை ஓரத்துக்குத் தள்ளினார்கள், ஆட்டத்துக்கு ஆட்டம் இடம் மாற்றினார்கள், பாதியில் வெளியே எடுத்தார்கள். லார்சனின் வேலை பெனால்ட்டி பாக்ஸுக்குள்தான். பந்து வருவதற்கு இரண்டு நொடி முன்பே டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போய் நிற்பதுதான் அவருடைய மூலதனம். அப்படிப்பட்டவரை மைதானத்தின் ஓரக் கோட்டில் நிறுத்தினால் அந்த மூலதனம் வட்டி தராது. டச்சுக் கோப்பையை 1994-இலும் 1995-இலும் வென்றது உண்மை. என்றாலும் ஃபெயனூர்ட் பயன்படுத்திய முறைக்கு 5-க்கு 2 மதிப்பெண்தான் தர முடியும்.

விலை இவ்வளவு குறைந்ததற்குக் காரணம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்து. குறிப்பிட்ட தொகையை யாராவது கட்டினால் விட்டுவிட வேண்டும் என்பது அது. ஃபெயனூர்ட் அதை ஏற்கவில்லை, வழக்காடித்தான் வெளியே வந்தார். அவரை முதலில் ஃபெயனூர்டுக்குக் கொண்டுவந்த விம் யான்சன்தான் அப்போது செல்டிக் பயிற்சியாளர். எதை வாங்குகிறோம் என்று அறிந்து வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

தொடக்கம் சொதப்பல். ஹிபர்னியன் அணிக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி, தவறாகப் போட்ட பாஸ் நேராக எதிரணியின் சார்ன்லி காலுக்குப் போனது. அது கோலாகி, ஆட்டமும் 2-1 என்று கைவிட்டுப் போனது. முதல் ஆட்டத்தை வைத்து எடைபோட்டிருந்தால் பணம் வீண் என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்த சீசன் முடிவில், 1998 மே 9 அன்று, செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் இவர்தான். 2-0 வெற்றி, பத்து வருடத்தில் செல்டிக்கின் முதல் லீக் பட்டம். பரம எதிரியான ரேஞ்சர்ஸ் தொடர்ந்து பத்தாவது பட்டம் வெல்வது தடுக்கப்பட்டதும் அன்றுதான்.

இனி சரக்கின் உள்ளே போவோம். உயரம் சுமார் 1.78 மீட்டர், ஐரோப்பிய சென்டர் பேக்குகள் பலரைவிடக் குறைவு. இருந்தும் தலையால் இவ்வளவு கோல் எப்படி? 2003 மே 21, செவில், யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டம், எதிரில் மொரின்யோவின் போர்ட்டோ. இரண்டாம் பாதி தொடங்கியதுமே வலப்பக்கமிருந்து டிடியே அகாத் ஆழமாக ஒரு கிராஸ் போடுகிறார். லார்சன் பந்தை நோக்கி ஓடவில்லை, பின் கம்பத்துப் பக்கம் டிஃபெண்டரின் பார்வைக்கு வெளியே காத்திருக்கிறார். டிஃபெண்டர் பந்தைப் பார்த்துக் குதிக்கத் தயாராகும்போது இவர் ஏற்கெனவே காற்றில் இருக்கிறார். பந்தை வேகமாக முட்டவும் இல்லை. கழுத்தைத் திருப்பி, பந்து வந்த திசைக்கே வளைத்து அனுப்புகிறார். கோல்கீப்பர் விட்டோர் பாயியா நகர்ந்துகொண்டிருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. 57-ஆவது நிமிடத்தில் ஆலன் தாம்சனின் கார்னரில் இன்னொரு ஹெட்டர். கூடுதல் நேரத்தில் போர்ட்டோ 3-2 என்று வென்றது. கோப்பை கிடைக்காவிட்டாலும், ஹெட்டர் கற்றுக்கொடுக்கும் எந்தப் பயிற்சியாளரும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டியவை அந்த இரண்டு கோல்கள்.

இதற்குத் துணைப் பாகங்கள் தேவை. ஓரத்திலிருந்து சரியாகக் கிராஸ் போட ஆள் வேண்டும், டிஃபெண்டர்களோடு முட்டிமோத ஒரு ஜோடி வேண்டும். மார்ட்டின் ஓ'நீல் 2000-இல் பயிற்சியாளராக வந்ததும் கிறிஸ் சட்டனை வாங்கி அந்த ஜோடியைக் கொடுத்தார். முதல் சீசனிலேயே எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து லார்சன் அடித்தது 53 கோல், அதில் லீக்கில் 35. ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்குத் தரும் கோல்டன் ஷூ விருதின் கணக்கில் ஸ்காட்லாந்து லீக் கோலுக்கு 1.5 புள்ளிதான், இத்தாலிக்கு 2. அப்படி இருந்தும் 52.5 புள்ளி எடுத்து, லாட்சியோவின் கிரெஸ்போவை அரைப் புள்ளியில் முந்தினார். ஸ்காட்லாந்து லீக் எளிது என்று சொல்பவர்களுக்கு அந்தக் கணக்கே பதில்.

பழுதுகளையும் சொல்ல வேண்டும். 1999 அக்டோபரில் லியோன் ஆட்டத்தில் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது, அந்த சீசன் அநேகமாகப் போயிற்று. 2003 பிப்ரவரியில் தாடை உடைந்தது. 2004 நவம்பரில் பார்சிலோனாவுக்காக ரியல் மாட்ரிடுக்கு எதிராக ஆடியபோது முழங்கால் தசைநார் கிழிந்தது. மூன்று முறையும் திரும்பி வந்து கோல் அடித்தார். வேகத்தை மட்டுமே நம்பிய ஃபார்வர்டாக இருந்திருந்தால் 33 வயதில் அந்த முழங்காலோடு கதை முடிந்திருக்கும். நிற்கும் இடத்தை நம்பியவர் என்பதால் தப்பினார்.

இன்னொரு குறை பெனால்ட்டி. 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக கம்பத்துக்கு மேலே அடித்தது ஸ்வீடன் ரசிகர்களுக்கு இன்னும் வலிக்கும். நாட்டுக்காக 106 ஆட்டம், 37 கோல், 1994-இல் உலகக் கோப்பை மூன்றாம் இடம் என்ற கணக்கின் பக்கத்தில் அது சிறிது.

பார்சிலோனாவுக்கு அவர் இலவசமாகக் கிடைத்தார். இரண்டு லீக் பட்டம் ஒருபுறம் இருக்கட்டும், 2006 மே 17, பாரிஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம் ஒன்றே போதும். பத்து பேரோடு ஆடிய ஆர்சனல் 1-0 முன்னிலை. 61-ஆவது நிமிடத்தில் வான் பொம்மலுக்குப் பதிலாக லார்சன் இறங்குகிறார். 76-ஆவது நிமிடம் இனியெஸ்தாவின் பாஸ் பாக்ஸ் விளிம்பில் அவரிடம் வருகிறது. பந்தை நிறுத்தினால் டிஃபெண்டர் மூடிவிடுவார் என்பதால் நிறுத்தவே இல்லை, ஒரே தொடலில் எட்டோவின் ஓட்டப் பாதையில் தட்டிவிடுகிறார். கோல். ஐந்து நிமிடத்துக்குள் வலப்பக்கம் பந்தை வாங்கி, பெல்லெட்டி முன்னால் ஓடிவரும்வரை பிடித்துவைத்து, சரியான நொடியில் விடுகிறார். 2-1. கோல் அடிக்காமல் ஒரு ஃபார்வர்ட் இறுதி ஆட்டத்தை வென்று கொடுப்பது இப்படித்தான். 5-க்கு 5.

பார்சிலோனாவுக்குப் பிறகு ஹெல்சிங்போரிக்கே திரும்பியவரை மான்செஸ்டர் யுனைட்டெட் 2007 ஜனவரி முதல் மார்ச் வரை லோனில் எடுத்தது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஸ்வீடன் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். குளிர்காலத்தில் ஹெல்சிங்போரிக்கு அவர் தேவைப்படவில்லை. 13 ஆட்டத்தில் 3 கோல்தான். ஆனால் ஆஸ்டன் வில்லாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ஒன்று, லீல் அணிக்கு எதிராக ரொனால்டோவின் கிராஸை முட்டிய 1-0 ஹெட்டர் ஒன்று. பயிற்சியாளர் ஃபெர்குசன் இன்னும் இருக்கச் சொன்னார். ஹெல்சிங்போரிக்குக் கொடுத்த வாக்கை மீற லார்சன் விரும்பவில்லை. லீக் பதக்கத்துக்கு அப்போது 10 லீக் ஆட்டம் வேண்டியிருந்தது, இவர் ஆடியது 7. யுனைட்டெட் கேட்டு, விதியைத் தளர்த்திப் பதக்கம் கொடுத்தார்கள்.

இவரைப் புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் கோல் தொகுப்புகளில் தொடங்க வேண்டாம். பாரிஸ் ஆட்டத்தை 61-ஆவது நிமிடத்திலிருந்து போட்டு, பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள்; பாஸ் கிளம்புவதற்கு முன்பே அவர் எந்தத் தோளுக்குப் பின்னால் நகர்கிறார் என்று கவனியுங்கள். அது பிடிபட்ட பிறகு செவில்.