தராசின் ஆட்டத்தை நிறுத்தித் தருகிறேன் என்று சொன்னால் கொடுத்துவிடாதீர்கள்

திருகோணமலையில் நகை வேலை செய்கிறவர்கள் யாராவது பழைய கண்ணாடிப்பெட்டித் தராசு வைத்திருந்தால் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எனக்குப் போனது 6,500 ரூபாய் மட்டுமல்ல, அப்பாவின் தராசும்தான்.

பித்தளைத் தண்டு, அதன் நடுவில் தண்டு சாய்ந்தாட உருக்குக் கத்தி விளிம்பு. நகையை வைத்துத் தண்டைத் தூக்கினால் முள் ஆடி அடங்க ஒன்றரை நிமிடமாகும். அப்பா அதுவரை காத்திருக்கமாட்டார். இடப்பக்கம் எந்தக் கோடு, வலப்பக்கம் எந்தக் கோடு என்று நாலைந்து ஆட்டம் பார்த்து நடுவைச் சொல்லிவிடுவார். எனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை. தீபாவளி நெருக்கத்தில் டவுனில் தராசு திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன்.

"கடல்காத்துக்குக் கத்தி துருப்பிடிச்சிருக்கு தம்பி. சுத்தம் பண்ணி, ஆட்டத்தையும் நிப்பாட்டித் தாறன்" என்றார்.

மூன்றாம் நாள் வாங்கி வந்து தூக்கினேன். மூன்று செக்கனில் முள் நின்றது. மனம் நிறைந்து காசைக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஓர் அக்கா, என்னிடம் விற்ற சங்கிலியை அதற்கு முன் வேறு கடையில் நிறுத்த துண்டோடு வந்தா. 80 மில்லிகிராம் குறைத்துப் போட்டிருக்கிறேன். பவுணுக்கு 8 கிராம் என்றால், பவுணில் நூறில் ஒரு பங்கு. அவ சத்தம் போடவில்லை. மிச்சக் காசைக் கொடுத்தேன், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்றிரவு கழற்றினேன். கத்தி உட்காருகிற இடத்தில் தடித்த கிரீஸ். முள்ளோடு இருக்கிற சிறு குண்டை அடிமட்டும் இறக்கியிருந்தார். அப்படி இறக்கினால் ஆட்டம் வேகமாகும், தராசின் உணர்வோ குறைந்துவிடும். இவை இரண்டையும் சரிசெய்யலாம். ஆனால் கத்தியின் விளிம்பை எமரித்தாளால் தேய்த்து மழுக்கியிருந்தார். அதற்கு மருந்தில்லை.

உராய்வு முள்ளை நிறுத்தும்தான், ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போகமுன்பே பிடித்துவிடும். ஆட்டத்தை அடக்குகிற முறை வேறு: தண்டில் மெல்லிய அலுமினியத் தகடு, அது அசைகிற இடைவெளியின் இருபுறமும் அடிப்பலகையில் பொருத்திய காந்தம். தகடு அசையும்போது அதற்குள் சுழலும் மின்னோட்டம் (சுழிப்போட்டம்) உண்டாகி அசைவை எதிர்க்கும். தகடு நின்றால் எதிர்ப்பும் இல்லை. ஆகவே முள் சரியான இடத்தில்தான் நிற்கும். தகட்டின் பாரத்துக்கு மறுபக்கம் ஈடுகட்ட வேண்டும். காந்தம் உருக்குக் கத்திக்கும் இரும்பு எடைப்படிகளுக்கும் எட்டத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே நிறையைக் கெடுக்கும்.

திருத்தி வாங்கும்போது அவர் முன்னாலேயே பாருங்கள். வெறும் தட்டோடு ஐந்து தடவை தூக்கி இறக்குங்கள். முள் ஒவ்வொரு முறையும் ஒரே கோட்டில் நிற்கிறதா? 10 மில்லிகிராம் தகட்டுப்படியை வையுங்கள், நகர்கிறதா? பிறகு சமனாய் நிற்கிற இரண்டு படிகளை இடம் மாற்றி வையுங்கள். சமன் குலைந்தால் தண்டின் இரு கைகளும் ஒரே நீளமில்லை.

வியாபாரத் தராசைத் திருத்தினால் அளவீட்டு அலகுகள் திணைக்களத்தில் காட்டி முத்திரை குத்திய பிறகுதான் கடையில் வைக்க வேண்டும். நான் வைத்துவிட்டேன். அது என் பிழை.

அந்த ஆளிடம் திரும்பப் போனேன். "ஆட்டம் நிக்கவேணும் எண்டீங்கள், நிப்பாட்டித் தந்தனே" என்றார். காசு தரவில்லை.

தராசு இப்போது பெட்டிக்குள் சும்மா இருக்கிறது. உருக்குக் கத்தியைப் புதிதாகச் செய்து பொருத்தத் தெரிந்தவர் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவருகிறேன்.